கொங்கு நாட்டிலிருந்து கடற்காற்று தேடிப் போகிறவர்களுக்கு: கைட்சர்ஃபிங், விங்ஃபாயில் கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கைட்டும் (பலகையில் நிற்கும் ஆளைத் தண்ணீரில் இழுத்துப் போகும் பெரிய பட்டம்) விங்கும் (கையில் பிடித்துக்கொள்ளும் காற்றடைத்த இறக்கை, பலகைக்கு அடியில் ஃபாயில் என்ற நீருக்கடி இறக்கையோடு ஓட்டுவது விங்ஃபாயில்) வாங்கி வைத்திருப்பவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். கடல் நமக்குப் பக்கத்தில் இல்லை. ராமேஸ்வரம் என்றால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் என்று ராத்திரி முழுக்க வண்டி ஓட்ட வேண்டும், போய் இறங்கினால் காற்று இல்லை அல்லது தப்பான திசையில் அடிக்கிறது என்றால் வார இறுதியே போச்சு. கிளம்புவதற்கு முன்னால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கைட்டை எப்படிப் பறக்கவிடுவது என்பதெல்லாம் இதில் இல்லை, அதைப் பயிற்சியாளரிடம்தான் கற்க வேண்டும்.

ஏனுங்க, பல்லடம் பக்கம் காற்றாலை நல்லாச் சுத்துதுன்னா ராமேஸ்வரத்துலயும் காத்து இருக்குமா?

பாதி சரி. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இரண்டு இடத்திலும் அடிப்பது ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஆனால் அது வந்து சேரும் வழி வேறு. நமக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. அரபிக்கடலிலிருந்து வருகிற காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து வேகம் எடுப்பதால்தான் கேத்தனூர், பூளவாடி, உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் இத்தனை காற்றாலைகள். ராமேஸ்வரத்துக்கு இந்தக் காற்று வருவதில்லை. அங்கே போவது கன்னியாகுமரி முனையைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடா வழியாக ஏறி வரும் காற்று. ஒன்று பலமாக இருக்கும்போது இன்னொன்று சுமாராக இருப்பது சாதாரணம்.

இன்னொரு விஷயம், பருவமழை இடையில் சில நாள் ஓய்ந்து போகுமே, அப்போது காற்றும் ஓய்ந்துவிடும் என்று நினைத்துப் பயணத்தை ரத்து செய்கிறவர்கள் உண்டு. அந்த ஓய்வு நாட்களில் பருவக்காற்றின் பலமான பட்டை இந்தியாவின் நடுப்பகுதியை விட்டுத் தெற்கே இறங்கி, நம் தெற்கு முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகும். மும்பையில் வெயில் அடிக்கிற வாரம் ராமேஸ்வரத்தில் நல்ல காற்று இருக்கலாம்.

காற்றாலையைப் பார்த்து வேகத்தைக் கணிக்கவும் முடியாது. வினாடிக்கு 3, 4 மீட்டர் காற்று வந்தாலே, அதாவது 6 முதல் 8 நாட் (கடலில் காற்று வேகத்தைச் சொல்லும் அலகு, 1 நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) இருந்தாலே அது சுற்ற ஆரம்பித்துவிடும், அந்தக் காற்றில் சாதாரண கைட் உங்களைத் தண்ணீரிலிருந்து தூக்காது. அதுவும் சக்கரம் இருப்பது தரையிலிருந்து 80, 100 மீட்டர் உயரத்தில். ஆனால் பூளவாடி வழியாகப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோபுரத்தின் தலை எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. வேகத்தை விடுங்கள், திசையைச் சரியாகச் சொல்லும்.

அப்ப எந்த மாசம் எங்க போறது?

ராமேஸ்வரத்துக்கு இரண்டு பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, மீனவர்கள் கச்சான் என்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை வடகிழக்கு, அது வாடை. இரண்டு பருவத்திலும் நல்ல நாட்களில் 15 முதல் 22 நாட் வரை நிலையாகக் கிடைக்கும்.

இடையில் இரண்டு ஓட்டை. மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் வரை பெரிய காற்று எதுவும் இல்லாமல் மதியம் வரும் கடல் காற்றை நம்பித்தான் இருக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் திசை நிலையாக இருக்காது, வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் காலமும் அதுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைத்துப் பார்த்தால் டிசம்பரில்கூட, வாடை நன்றாக நிலைத்துவிட்டதா, வங்கக்கடலில் எதுவும் உருவாகிறதா என்று வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் சரி.

20 நாட் காத்து இருக்குதுன்னு வானிலை ஆப்ல காட்டுது. போதுமே, வேற என்ன பாக்கணும்?

வேகத்துக்கு முன்னால் திசையைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காற்று கரைக்கு எந்தக் கோணத்தில் வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடித்தால், கைட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கவே இடம் இருக்காது, தடுமாறினால் நேராக மணலிலோ மரத்திலோ கொண்டுபோய் மோதும். கரைக்கு இணையாக அடித்தால் ஓட்டலாம். கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக, 45 டிகிரி சுமாருக்கு வந்தால் அதுதான் அருமை: போகவும் வரவும் முடியும், ஏதாவது உடைந்தாலும் மெல்ல மெல்லக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிற காற்று ஆபத்து. லைன் (கைட்டின் கயிறு) அறுந்தால், கைட் தண்ணீரில் விழுந்து எழும்பாவிட்டால், காற்று திடீரென்று நின்றால், ஒவ்வொரு நிமிடமும் நீங்கள் கரையை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

இதை தனுஷ்கோடியில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் சாலைக்கு இரண்டு பக்கமும் கடல். அந்த மணல் திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அரிச்சல்முனை வரை நீண்டு கிடக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஜூலை மாதம் சாலை நடுவில் நின்றால் தென்மேற்குக் காற்று மணலை வாரிச் சாலைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போவது தெரியும். தென்பக்கம் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும், வடபக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். மணல் திட்டு தாழ்வாக இருப்பதால் வடபக்கமும் காற்று தடையில்லாமல் வரும். தட்டையான தண்ணீர், சுத்தமான காற்று, புதிதாக வந்தவர் கண்டிப்பாக வடபக்கம்தான் இறங்க நினைப்பார். ஆனால் அங்கே அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் போகிற காற்று. மீட்புப் படகு இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான், சர்வதேசக் கடல் எல்லை அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். ஆட்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் எல்லைப் பக்கம் அடித்துக்கொண்டு போனவரைத் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை.

வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழ். வடபக்கம் அலையோடு கரைக்கு அடிக்கும், தென்பக்கம் தட்டையாகி, மன்னார் வளைகுடாவுக்குள் தள்ளும்.

அதனால் ஆப்பில் தென்மேற்கு என்று போட்டிருந்தால் அதோடு விடாதீர்கள், மேற்கே சாய்ந்திருக்கிறதா, தெற்கே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேற்காகவோ தெற்காகவோ கொஞ்சம் திரும்பினாலே தென்கரைக்கு அது சாய்வுக் காற்றாக மாறி, அன்றைய நாளே வேறு நாளாகிவிடும். கூகுள் மேப்பில் நீங்கள் இறங்கப்போகும் கரையைப் பெரிதாக்கி, ஒரு தாளில் கரைக்கோடும் காற்றுக்கோடும் வரைந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஆப்ல அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுதோ அங்கிருந்து வருதா, அங்க போகுதா?

பெயர் எப்போதும் காற்று வரும் திசையைச் சொல்லும். தென்மேற்குக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. அம்புக்குறி பெரும்பாலும் போகும் திசையைக் காட்டும். குழப்பம் இருந்தால் டிகிரியைப் பாருங்கள்: 225 என்றால் தென்மேற்கிலிருந்து, 45 என்றால் வடகிழக்கிலிருந்து.

கடல் காத்து எத்தனை மணிக்கு வரும்?

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. நிலத்தின் மேல் இருக்கும் காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. காலை பத்து, பதினொன்றுக்கு லேசாக ஆரம்பித்து, மதியம் இரண்டு முதல் நான்கு வரை உச்சத்தில் இருந்து, பொழுது சாயும்போது அடங்கும். ராத்திரி இதற்கு நேர்மாறாக நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று.

இது பாடப்புத்தகக் கணக்கு. உண்மையில் கடல் காற்று தனியாக வருவதே இல்லை, அந்தப் பருவத்தின் பெரிய காற்றோடு சேர்ந்தோ மோதியோதான் வரும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஏப்ரல், மே மாதங்களில் தென்கிழக்கிலிருந்து வரும் கடல் காற்று கரைக்குச் சாய்வாக அமைவதால் விங் ஓட்டுபவர்களுக்கு நல்லது. பொழுது போகப் போக அது கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத் திரும்பி, தெற்குக்கு வந்து கரைக்கு இணையாகும், பூமி சுழல்வதால் வருகிற திருப்பம் இது. அதே கோவளத்தில் ஜூன், ஜூலையில் நிலத்திலிருந்து வரும் மேற்குக் காற்று கடல் காற்றை உள்ளே விடாமல் தடுக்கும், சில நாள் மூன்று மணி ஆனாலும் வராது, வந்தால் திடீரென்று வந்து திசையை முழுக்க மாற்றிவிடும். தண்ணீரில் இருக்கும்போது அப்படி நடந்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்து பத்து நிமிடம் காற்றே இல்லாமல் போகலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

பொன்னானி நமக்குப் பக்கம்தானே, கோயமுத்தூர்ல இருந்து மூணு நாலு மணி நேரம். அங்க போகக் கூடாதா அண்ணா?

கேரளக் கரையில் இருக்கும் பொன்னானிக்குப் போகலாம், எப்போது என்பதுதான் கேள்வி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அலை கரையிலேயே பெரிதாக உடையும், மழை மேகம் வரும்போதெல்லாம் வேகம் இரட்டிப்பாகும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மதியம் வடமேற்கிலிருந்து கடல் காற்று கரைக்குச் சாய்வாக வரும். பலமான காற்று இல்லை, 10 முதல் 15 நாட் எதிர்பார்க்கலாம், பெரிய விங்கும் பெரிய ஃபாயிலும் வைத்திருப்பவர்களுக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் இங்கே நம் ஊர்க்காற்று ஒரு வேலை செய்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று நம் பக்கமாக வந்து அதே பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து மேற்கே பாய்கிறது. பாலக்காடு, திருச்சூர்க்காரர்கள் விருச்சிகக் காற்று என்பார்கள், வறண்ட காற்று, மரக்கிளை ஒடிகிற மாதிரி விட்டு விட்டு வீசும். கணவாயின் மேற்கு வாய்க்கு எதிரேதான் பொன்னானி. அதனால் அந்த மாதங்களில் காலை நேரம் பொன்னானிக் கரையில் காற்று கடலை நோக்கி அடிக்கும். கோவையில் காலையில் கிழக்குக் காற்று பலமாக இருந்தால், பொன்னானியில் மதியம் அது அடங்கி, வடமேற்குக் காற்று உள்ளே வந்து நிலைத்த பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும்.

தூத்துக்குடி?

தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வரும் மேற்குக் காற்று நிலம் முழுக்கத் தாண்டி அங்கே வருகிறது. வேகம் இருக்கும், ஆனால் ஏறி இறங்கும், கடலை நோக்கித் தள்ளும். படகுத் துணை இல்லாமல் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆப்ல இருக்கற நம்பரை எவ்வளவு நம்பலாம்?

முதலில் அலகைச் சரிபாருங்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். சிலர் 20 கிலோமீட்டரை 20 நாட் என்று நினைத்துப் பெரிய திட்டமே போட்டுவிடுகிறார்கள், அது 11 நாட்கூட இல்லை.

விண்டி, விண்ட்குரு என்ற ஆப்கள் இரண்டும் காற்றை அளப்பதில்லை, கணினி மாதிரிகள் தருகிற கணிப்பைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் இசிஎம்டபிள்யூஎஃப் இரண்டும் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன, ஒரு கட்டமே ஒன்பது, பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. தனுஷ்கோடியின் அந்த ஒல்லி மணல் திட்டு அந்தக் கட்டத்துக்குள் நிலமா நீரா என்பதே அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால் ஒரு கணினி மாதிரியை மட்டும் பார்க்காமல் இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம், ஒன்று 12 என்றும் இன்னொன்று 20 என்றும் சொன்னால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாகக் கணக்கிடப்படுகிறது, காலையில் பார்த்ததை வைத்துச் சாயங்காலம் முடிவு எடுக்க வேண்டாம். கடல் அலைக்கும் நீரோட்டத்துக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தருகிற முன்னறிவிப்பு நன்றாக இருக்கிறது, மீனவர்களுக்கு வரும் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. உயர் அலை எச்சரிக்கை இருந்தால் பயணமே வேண்டாம்.

சராசரி வேகத்துக்குப் பக்கத்தில் கஸ்ட், அதாவது திடீரென்று எகிறும் காற்றின் வேகம், என்று இன்னொரு எண் இருக்கும். சராசரி 18, கஸ்ட் 22 என்றால் சந்தோஷமாகப் போங்கள். சராசரி 14, கஸ்ட் 26 என்றால் கைட்டில் கை வைக்காதீர்கள். காற்று தருகிற விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 14 நாட்டில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு இழுவை 20 நாட்டிலேயே வந்துவிடும், 26 என்றால் மூன்றரை மடங்கு.

எந்த சைஸ் எடுத்துட்டுப் போறது?

75 கிலோ ஆளுக்கு, சாதாரண ட்வின்டிப் பலகையோடு (இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பது), 14 முதல் 19 நாட்டுக்கு 12 மீட்டர் (பரப்பு, சதுர மீட்டரில்) கைட், 18 முதல் 25க்கு 9 மீட்டர், அதற்கு மேல் 7. விங் என்றால் 12 முதல் 18க்கு 5 அல்லது 6 மீட்டர், 18க்கு மேல் 4. எடை கூடினால் கைட்டும் பெரிதாக வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ராமேஸ்வரத்துக்கு 9 அல்லது 10 வாங்குங்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அது 31 நாட். கற்றுக்கொள்கிறவர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

விங்ஃபாயிலுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்துமா?

காற்றைப் பற்றிச் சொன்னது பொருந்தும். தண்ணீர்தான் வேறு. ஃபாயிலின் மாஸ்ட், அதாவது பலகையையும் ஃபாயிலையும் இணைக்கும் கம்பம், 75, 85 சென்டிமீட்டர் இருக்கும், அதனால் நெஞ்சளவுத் தண்ணீராவது வேண்டும். ராமேஸ்வரத்துக் கடற்கழிகள் முழங்கால் அளவில் தட்டையாகப் பரந்து கிடப்பதால் கைட் கற்றுக்கொள்ள அவ்வளவு நல்ல இடம், ஃபாயிலுக்கு ஆகாது. ஆழமான இடத்திலும் கடற்புல் மாஸ்டில் சுற்றிக்கொள்ளும். நன்றாக எழும்பி ஓடிக்கொண்டிருக்கும்போது காலுக்கடியில் ஒரு நடுக்கம் வந்து, பலகை தானாகக் கீழே இறங்கினால், காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து விங்கைப் பம்ப் செய்துகொண்டே இருக்காதீர்கள், நிறுத்திக் கையைவிட்டுப் பாருங்கள், ஒரு பிடி பச்சைப் புல் வரும். அங்கங்கே மூங்கில் கட்டிய கடற்பாசித் தெப்பங்களும் மிதக்கும், அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு, அந்தப் பக்கமே போகக் கூடாது.

அமராவதி அணை, திருமூர்த்தி அணை நமக்குப் பக்கத்துலயே இருக்குதே?

வேண்டாம். அமராவதி அணைத் தண்ணீரில் முதலைகள் இயற்கையாகவே வாழ்ந்து குஞ்சு பொரிக்கின்றன, பக்கத்தில் முதலைப் பண்ணையே இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, மலையடிவாரத்தில் காற்று மலையில் மோதிச் சுருண்டு கீழே விழும், ஒரு நிமிடம் ஒரு திசை, அடுத்த நிமிடம் இன்னொன்று. இந்த அணைகளில் இறங்க அனுமதியும் கிடையாது.

தண்ணில இருக்கும்போது எப்பக் கரைக்கு வரணும்னு எப்படித் தெரியும்?

காற்று வரும் பக்கத்து அடிவானத்தை அடிக்கடி பாருங்கள். அடிப்பகுதி கறுத்த மேகம், அதற்குக் கீழே கடல் நிறம் மாறி ஒரு கருங்கோடு உங்களை நோக்கி நகர்கிறது என்றால் அது மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று, வெயில் நேரத்தில் திடீரென்று குளிர்ச்சி முகத்தில் பட்டால் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது. உடனே கரைக்கு வந்து கைட்டை இறக்கிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டாலே வெளியே வந்துவிட வேண்டும், மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒவ்வொரு மூன்று வினாடியும் ஒரு கிலோமீட்டர்.

காற்று குறைவதும் கண்ணுக்குத் தெரியும். 12 நாட்டுக்கு மேல் இருக்கும்வரை கடல் முழுக்க வெள்ளை நுரை இருக்கும். அந்த நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆகும்போதே திரும்புங்கள், கைட் தண்ணீரில் விழுந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

அங்க மீனவர்கள், போலீஸ் எதுவும் சொல்ல மாட்டாங்களா?

எல்லைக்குப் பக்கத்து ஊர், கடலோரக் காவல் எப்போதும் இருக்கும். முதல் முறை போகிறவர்கள் அங்கே இருக்கும் கைட் பள்ளி வழியாகப் போவதுதான் நல்லது, எந்த இடத்தில் இறங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், படகும் வைத்திருப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் ஏறக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலில் வலை குறைவு, நமக்கு வசதி என்று தோன்றும், ஆனால் நீங்கள் அடித்துக்கொண்டு போனால் எடுத்து வர ஆழத்தில் படகும் குறைவு. நாட்டுப்படகுக்காரர்களிடம் இறங்குவதற்கு முன்னாலேயே போய், "அண்ணே, இந்தக் காத்து சாயங்காலம் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். நீங்கள் கடலில் இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், பதிலும் ஆப்பைவிடப் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சனிக்கிழமை போகணும்னா எப்ப முடிவு பண்றது?

செவ்வாய்க்கிழமை ஒருமுறை பாருங்கள், அது விடுமுறை சொல்வதற்கு மட்டும். வியாழக்கிழமை இரண்டு மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள், திசை ஒத்துப்போகிறதா என்று முதலில், வேகம் அப்புறம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாகப் பார்த்து, இரண்டும் 14 நாட்டுக்கு மேல், கஸ்ட் வித்தியாசம் சின்னது, வங்கக்கடலில் ஒன்றும் இல்லை என்றால் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள், மதுரையில் ஒரு டீ, விடியும்போது பாம்பன் தாண்டிவிடலாம். ராத்திரி முழுக்க ஓட்டியவர் காலையில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும்.